வகுப்பு முடிந்த பிறகு நடந்த வகுப்பு

பிற நாட்டுக்காரர்களோடு எப்படிப் பழகுவது என்பதில் நான் சான்றிதழ் வாங்கியவன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஆன்லைனில் பாடம் எடுக்கும் நிறுவனம், தன் ஆசிரியர்கள் எல்லாருக்கும் அதற்கென்றே நான்கு வாரப் பயிற்சி வைத்தது. ஜப்பான்காரரிடம் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும் என்று ஒரு பாடம். என்னிடம் விசிட்டிங் கார்டு கிடையாது. அதனால் ரேஷன் கார்டை எடுத்து, சமையலறை வாசலில் நின்று, இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் என் மனைவியிடம் நீட்டிப் பழகினேன். அவள் அதைத் திருப்பி என் கையிலேயே வைத்து, "இன்னிக்குத்தான் கடைசி நாளு. அப்டியே குனிஞ்சாப்பல போய் சக்கரை வாங்கினு வந்துடுங்க" என்றாள்.

அந்தப் பயிற்சியின் கடைசித் தேர்வில் ஒரு கேள்வி. நெதர்லாந்துக்காரர்கள் மனதில் பட்டதை நேராகச் சொல்வார்கள், அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சரியா, தவறா? 'சரி' என்று குறித்து மதிப்பெண் வாங்கினேன். அடுத்த வாரமே நெதர்லாந்திலிருந்து ஒரு டீச்சர் எனக்கு மேலாசிரியராக வந்தார். என் முதல் வகுப்பைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "உங்கள் ஸ்லைடுகளில் எழுத்து அதிகம். உதாரணங்கள் மாணவிகளுக்குப் பொருந்தவில்லை. உங்கள் குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் அதை உங்களைவிட யாரும் ரசிக்கவில்லை."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தம்மா உண்மையத்தானே சொல்லிகீது" என்றாள் மனைவி. வீட்டுக்குள்ளேயே ஒரு நெதர்லாந்து இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

உலகத்து மக்களைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொடுத்த அந்தப் பயிற்சியில் ஜவ்வாது மலையைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கும் அது குறையாகப் படவில்லை. போளூரில் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது எதிரே மலை தெரியும். பஸ் பிடித்தால் மத்தியான சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம். அவர்களும் தமிழ், நானும் தமிழ். இதற்கு எதற்குப் பயிற்சி என்று இருந்துவிட்டேன்.

மலையில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, சாமையை அரிசியாக்கிப் பாக்கெட் போடும் ஒரு ஷெட் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கான படிப்புதான் எங்களுடையது. தானியத்தைச் சுத்தம் செய்வது, கல் நீக்குவது, ஈரம் பார்ப்பது, மூட்டை கட்டுவது. நெதர்லாந்திலிருந்து அந்த டச்சு டீச்சர் பாடத்தை ஆங்கிலத்தில் அமைப்பார். நான் போளூரில் என் வீட்டிலிருந்து தமிழில் நடத்துவேன். அந்தப் பக்கம் ஒரு சாமை மூட்டையின் மேல் லேப்டாப்பை நிறுத்தி வைத்து, அதற்கு முன்னால் பாயில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களில் ஒருவரை ஷெட்டுக்கு மேற்பார்வையாளராக மற்ற பதினொரு பேரும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாற்பது வயது தாண்டியவர். மெஷின் நின்றாலும் அவர்தான், மழை வந்து தார்ப்பாய் போர்த்துவதானாலும் அவர்தான். ஆனால் சாமையை மொத்தமாக வாங்கப்போகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் இந்தப் படிப்பின் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே இருந்து ஓர் ஆளை அவர்களே அனுப்புவார்கள். அந்த ஆளும் ஒருமுறை வந்து ஷெட்டைப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை எங்கே போடலாம் என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தான்.

பாதிப் படிப்பு முடிந்ததும் மாணவிகள் ஆசிரியருக்கு மதிப்பெண் போட வேண்டும். பன்னிரண்டு பேரும் எனக்குப் பத்துக்குப் பத்து. நான் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். கண்ணமங்கலத்தில் இருக்கும் மைத்துனனுக்குத் தனியாகவும் அனுப்பினேன், ஸ்டேட்டஸைப் பார்க்காமல் விட்டுவிடப் போகிறானே என்று. டச்சு டீச்சருக்கு அனுப்பும்போது மட்டும் அடக்கமாக, "தங்கள் கவனத்துக்கு" என்று எழுதினேன். "பார்த்தேன்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

பிறகு வந்தது அந்தத் தேர்வு. ஒவ்வொருவரும் ஒரு முறம் சாமையைப் புடைத்து, கொழித்து, கல் எடுப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்து மதிப்பெண் போட்டு, இரண்டு குறைகள் எழுத வேண்டும். மெஷின் பெரிய கல்லை எல்லாம் தள்ளிவிடும். சாமை அளவே இருக்கும் பொடிக்கல் கைக்குத்தான் அகப்படும். அதனால் இந்தத் தேர்வுதான் படிப்பிலேயே முக்கியம்.

எல்லாரும் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். 'குறைகள்' என்ற இடத்தில், "நல்லா செய்றாங்க", "நல்ல பொண்ணு", "பொறுமையானவங்க" என்று எழுதியிருந்தது. ஒருவர் மட்டும் கடமை தவறாமல் குறை எழுதியிருந்தார்: "இவங்களுக்கு முட்டி வலி இருக்குது. அது சரியாகணும்."

டச்சு டீச்சர் உடனே அழைத்தார்.

"இது மதிப்பீடு இல்லை. பேசி வைத்துக்கொண்டு போட்டது. நான் ஏற்க முடியாது."

"அப்படியானால் சான்றிதழ்?"

"மதிப்பீடு இல்லாமல் சான்றிதழ் இல்லை." அடுத்துக் கேட்டார்: "உங்களுக்கும் இவர்கள் பத்துதானே போட்டார்கள்?"

"அது வேறு" என்றேன்.

"எப்படி வேறு?"

"ஹலோ? ஹலோ? ஜவ்வாது மலையில் சிக்னல் சரியில்லை" என்று சொல்லித் துண்டித்துவிட்டேன். நான் இருந்தது போளூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்.

மேற்பார்வைக்குத் தேர்வான அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, குறை எழுதியாகணும். இல்லன்னா சர்டிபிகேட் கிடையாதாம்."

"குறை ஒண்ணும் இல்லியே சார்."

"நாலாவது வீடியோவுல கல்லு அப்டியே கிடக்குதேம்மா. என் கண்ணுக்கே தெரியுது."

"ஆமா சார். ஏழு கல்லு."

"பார்த்தீங்களா?"

"பார்க்காம இன்னா பண்ணேன் சார்?"

"அப்ப ஏன் எழுதல?"

"எழுதினா கல்லு போய்டுமா சார்?"

அதற்கான ஸ்லைடு என்னிடம் இல்லை.

மறுநாள் வகுப்பில் நேரடியாகவே இறங்கினேன். குறை சொல்வது தப்பில்லை, குறை சொன்னால்தான் வளர முடியும் என்று பிரசங்கம் செய்தேன். "இப்ப பாருங்க, பக்கத்துல இருக்கறவங்க முறத்துல இன்னா தப்புன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன். பன்னிரண்டு பேரும் பாயைப் பார்த்தார்கள். பாயில் ஏதோ சுவாரசியமாக ஓடுகிறது போல. கடைசியில் ஓர் அம்மா, "சாருக்கு இன்னிக்கு உடம்பு முடியல போலகீது. ஜுரமா சார்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு வகுப்பை முடித்தேன்.

எப்போதும் நான்தான் முதலில் வெளியேறுவேன். வணக்கம் சொல்வேன், பொத்தானை அமுக்குவேன், டீ குடிக்கப் போவேன். அன்றைக்கு ஆத்திரத்தில் என் பக்கத்துக் கேமராவையும் மைக்கையும் மட்டும் அணைத்துவிட்டு, வெளியேற மறந்து எழுந்து போய்விட்டேன். டீயோடு திரும்பி வந்தபோது லேப்டாப்பில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஆமாம், வகுப்பு. மேற்பார்வைக்குத் தேர்வான அந்த அம்மா மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து, கல் எடுப்பது பற்றி நான் முன்பு நடத்திய பாடத்தை மறுபடி நடத்திக்கொண்டிருந்தார்.

"சாரு கல்லு எடுக்கத் தண்ணில கழுவச் சொன்னாரு இல்ல, அத்த உட்டுடுங்க. உமி எடுத்த சாமையில தண்ணி பட்டா ரெண்டே நாள்ல வாடை வந்துடும். பாக்கெட்டுக்கு ஆவாது. சாரு வூட்ல கழுவி அப்டியே ஒலையில போடுவாங்க, அவருக்கு அந்தச் சாமைதான் தெரியும்."

"கல்லு பார்க்க சாரு சொன்ன அந்த லைட்டு போட்ட மேஜை?" என்றாள் ஓர் இளம்பெண்.

"மேஜை எதுக்கு? மத்தியானம் வாசல்ல உக்காந்தா வெயிலு முறத்துக்குள்ள வந்து உழுது. அதைவிட லைட்டா?"

"அக்கா, சாரு பேரு இன்னும் நிக்குது பாரு."

அந்த அம்மா திரையை ஒரு பார்வை பார்த்தார். "நிக்கட்டும்" என்றார். பிறகு முறத்தைத் தூக்கிக்கொண்டு லேப்டாப்புக்கு இன்னும் நெருக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "பாவம், எவ்ளோ ஆசையா பேசறாரு. சினிமால வர்ற கலெக்டர் மாதிரியே பேசறாரு."

ஒரு மணி நேரம் நடந்தது அந்த வகுப்பு. ஒட்டுக் கேட்கிறோமே என்ற வெட்கத்தில் நான் டீயைக்கூட உறிஞ்சாமல் உட்கார்ந்திருந்தேன். மைக் அணைந்திருப்பதே மறந்துவிட்டது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. நான் ஆறு வாரமாகச் சொல்லிவந்ததில் பாதி, கோதுமைக்காக எழுதியதை நான் சாமைக்கு மொழிபெயர்த்தது.

இரவெல்லாம் ஒரே கணக்கு: அப்படியானால் அந்தப் பத்துக்குப் பத்து?

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போனேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். திரையில் நான் தோளோடு முடிந்துவிடுவேன். அதனால், "சாரு நேர்ல குள்ளமா இருக்காரு" என்று ஒரு குரல் கேட்டது. அந்த அம்மா அதட்டினார். எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது.

நாலாவது வீடியோவில் கல் விட்டிருந்த பெண் சுவரோரம் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என்னோடு பேசிக்கொண்டே தன் முறத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் அமர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவள் முடித்து வைத்திருந்த சாமையில் இரண்டு கைப்பிடி அள்ளித் தன் முறத்தில் போட்டு, மெல்லக் கொழித்தார். கல் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு வந்தது. எடுத்துத் தரையில் வைத்தார். அந்தப் பெண் பார்த்தாள். தன் முறத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள், அந்த அம்மா பிடித்த மாதிரியே. பிறகு இருவரும் வேறு எதையோ பேசிச் சிரித்தார்கள்.

"அம்மா," என்றேன், "நான் நடத்தினது தப்பா இருந்திருக்குது. ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

"தினமும் சொல்லினுதானே இருந்தோம் சார்? நீங்க முடிச்சதும் நாங்க உக்காந்து பண்ணுவோம் இல்ல. நீங்க பார்க்கணும்னுதானே லைனைக் கட் பண்ணாம வெச்சிருந்தோம்."

"எனக்காகவா?"

"பின்ன? நீங்கதான் ஓடிப் போய்டுவீங்க. நேத்துதான் மொதல் தடவையா நின்னீங்க. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோசம். சாருக்குப் புரிஞ்சிபோச்சுன்னு."

மலையில் அவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் முறத்தோடு உட்காருவதைப் போலத்தான், ஆறு வாரமாக என் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு நாளும் பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

டச்சு டீச்சரை வீடியோவில் அழைத்தேன். ஜன்னலோரம்தான் சிக்னல் நின்றது. அதனால் எல்லாரும் ஜன்னலுக்கு வந்தார்கள். முறங்களும் வந்தன.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் நான். அவர் "இது தவறு" என்றால், "இன்னும் கொஞ்சம் பார்த்துச் செய்யலாம்னு சொல்றாங்க" என்பேன். இவர்கள் பேசாமல் இருந்தால், "மிகவும் நன்றி என்கிறார்கள்" என்பேன். இரண்டு பக்கமும் சர்க்கரை தடவித் தடவி, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாமலே செய்திருந்தேன். அன்றைக்குச் சர்க்கரை இல்லை. நான் தப்பாக நடத்தியதை, இவர்கள் தினமும் திருத்தியதை, எனக்குப் போட்ட பத்து என்பது வெறும் மரியாதை என்பதை, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். டீச்சர் அந்த அம்மாவையே நேராகக் கேட்டார்.

"உங்கள் தோழியின் முறத்தில் கல் இருந்தால் அவளிடம் சொல்ல மாட்டீர்களா?"

"பக்கத்துல உக்காந்து கொழிக்கிறேனே. அவளுக்குத் தெரியாதா?"

"என் நாட்டில் தெரியாது" என்றார் டீச்சர். மொழிபெயர்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"லாரி வாசலில் நிற்கிறது. உங்கள் தோழி கட்டிய மூட்டையில் கல் இருக்கிறது. நீங்கள் மேற்பார்வையாளர். அப்போது?"

கீழே இருந்து வரப்போகும் ஆளா, இந்த அம்மாவா என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்த அம்மா முறத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மூட்டையை நிறுத்திடுவேன்" என்றார். "லாரி நிக்கும். அவுத்துக் கொட்டி, அவளும் நானும் உக்காந்து எடுப்போம்."

"எல்லார் முன்னாலும் மூட்டையை நிறுத்தினால் அவளுக்கு அவமானமாக இருக்காதா?"

"இருக்கும். அதுக்குத்தானே நானும் கூட உக்கார்றேன்."

நான் இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு இது புதிது" என்றார். "நீங்கள் செய்வதை நான் மதிப்பீடாக எழுதி அனுப்புகிறேன். முடிவு என் கையில் மட்டும் இல்லை. கிடைக்காமலும் போகலாம்."

பழக்கதோஷத்தில், "கண்டிப்பா கிடைச்சிடும்னு சொல்றாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, "கிடைக்காமலும் போகலாமாம்" என்றேன்.

அந்த அம்மா தலையாட்டினார். "நல்ல மனுஷி. தெளிவா சொல்லிட்டாங்க" என்றார்.

அதற்கடுத்த மூன்று வாரமும் வகுப்பு முடிந்த பிறகு நான் வெளியேறவில்லை. டீச்சரும் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் காலை நேரம், கையில் காபி. நான் மெல்லிய குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பேன். எவ்வளவு மெல்லிய குரல் என்றால், ஒரு நாள் அவர், "இப்போது உங்கள் குரல் நன்றாக இருக்கிறது" என்றார். மனைவி உட்பட யாரும் நம்பவில்லை. ஒரு முறை முறத்தை எப்படிச் சாய்ப்பது என்று அவருக்குக் காட்டுவதற்காக, அந்த இளம்பெண் கேமராவுக்கு முன்னால் கால் மணி நேரம் கொழித்தாள். டீச்சர் தன் சமையலறைத் தட்டில் ஏதோ பருப்பைப் போட்டுச் செய்து பார்த்து, பாதியைத் தரையில் கொட்டினார். "பரவால்ல, பரவால்ல" என்று இங்கே பன்னிரண்டு குரல். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

முடிவு ஒரு வகுப்பின் நடுவில் மின்னஞ்சலாக வந்தது. பதினொரு பேர் தேர்ச்சி. ஏழு கல் விட்ட பெண் மட்டும் இன்னொரு வீடியோ அனுப்ப வேண்டும். படித்துச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அந்த அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் அவளுக்கும் வந்தது. நாற்காலிக்கு இடம் பார்த்துவிட்டுப் போன ஆள் பிறகு மலை ஏறவில்லை.

போன மாதம் அந்த அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஷெட் வாசலில் லாரி நிற்கிறது. அவிழ்த்த மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் மேற்பார்வையாளர். லாரி டிரைவர் பின்னால் நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தோடு ஒரு சொல்லும் இல்லை.

நெதர்லாந்துக்கு அனுப்பினேன். உடனே பதில்: "எத்தனை கல் இருந்தது?"

போன் போட்டுக் கேட்டேன்.

"எண்ணல சார்" என்றார் அந்த அம்மா. பின்னால் லாரி கிளம்பும் சத்தம். "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, மூட்டை ஏத்தியாச்சு, வண்டி கீழ வருது."